கதையைக் கழற்றிவைத்த பாலே

போன சனிக்கிழமை மகளின் வயலினுக்கு றொசின் வாங்க யூனியன்வில்லில் ஒரு வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். பழைய கட்டியை அவள் கீழே போட்டு உடைத்துவிட்டாள். றொசின் என்பது பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி உறையவைத்த தேன்நிறக் கட்டி. அதை வில்லில் தேய்த்தால்தான் வில் தந்தியைப் பிடிக்கும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரர் நாலு விதமான கட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். மகள் என் முழங்கையை இடித்து, "அப்பா, மணந்து பாக்கிறதுக்கோ வந்தனீங்கள்?" என்று கேட்கும்வரை நான் அந்தக் கடையில் இல்லை.

நான் நின்ற இடம் டொரொண்டோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் சேர்ட் தைத்த தொழிற்சாலையின் மூன்றாம் மாடி. அங்கே வாசலோரம் தட்டையான மரப்பெட்டி ஒன்று கிடக்கும். அதற்குள் இதே றொசின், உடைந்த துண்டுகளாக. ஆடப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பெட்டிக்குள் ஏறி, சப்பாத்து நுனியால் துண்டுகளை நொறுக்கித் தேய்த்துவிட்டுப் போவார்கள், தரை வழுக்காமல் இருக்க. முதல்நாள் அதைக் கற்கண்டு என்று நினைத்தேன். வாயில் போடவில்லை. போட யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

பாலே நடனக் கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் அங்கே பியானோக்காரன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, பங்குக் கோயிலில் சிஸ்டர்மாரிடம் ஆர்மோனியமும் பிறகு ஓர்கனும் பழகி, அகதியாக டொரொண்டோ வந்து, பகலில் பாண் பொதி செய்யும் தொழிற்சாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவில் தமிழ்ப் பூசைக்கு ஓர்கனிலும் இருந்தவன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் றீற்றா அன்ரி வந்து பக்கத்தில் நின்றா. மன்னார்ப் பக்கத்து ஆள். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தவ.

"தம்பி, எங்கட மகள் ஆடுற இடத்தில பியானோ அடிக்க ஆள் தேடுகினமாம். போய்ப் பாரன்."

"பரதநாட்டியத்துக்குப் பியானோவோ அன்ரி?"

"அது உந்த வெள்ளைக்காரற்ற ஆட்டம். விரல் நுனியில நிக்கிறது."

மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை ஏன் பாலே பழகினாள் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்ரியின் மகள் ஜெனிற்றாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, றீற்றா அன்ரிக்குப் பின்னேர வேலை இருந்த நாளில், பக்கத்துச் சமூக நிலையத்தில் பாலே வகுப்பு மட்டும்தான் நடந்தது. பிள்ளையை இரண்டு மணித்தியாலம் விடுவதற்கு ஒரு இடம் வேண்டும். அப்படிப் போனவள் இருபத்திரண்டு வயதில் ஆறு பேர் கொண்ட சிறிய பாலே குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்தாள்.

குழுவை நடத்தியவர் ஹன்னா. அறுபதைத் தாண்டியவர், கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. பிறந்தது ஒல்லாந்தில். எங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டின இனம் என்று முதலில் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். மத்தியானம் பாணையும் பாற்கட்டியையும் நின்றபடியே சாப்பிடுவார். இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

முதல்நாள் அவர் என்னிடம் ஒரு வால்ஸ் வாசிக்கச் சொன்னார். மூன்று அடித் தாளம். எனக்குத் தெரிந்த மூன்றடித் தாளமெல்லாம் மாதா பாட்டுகள்தான். ஒன்றை எடுத்து, கொஞ்சம் துள்ளவிட்டு வாசித்தேன். ஹன்னா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லது, இதையே மெதுவாக, முழங்கால் மடிப்பதற்கு," என்றார். வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஒன்றரை வருடம் டொரொண்டோ நகரத்துப் பாலேக்காரர்கள் எங்கள் தீவு மாதாவின் பாட்டுக்கு முழங்கால் மடித்தார்கள். அந்த இரகசியம் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். பயிற்சிக்கான சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஜெனிற்றா உதட்டை அசைத்துப் பாட்டின் சொற்களைச் சொல்வாள். வகுப்பு முடிய வந்து, "அண்ணை, மாதா பாட்டுக்குக் காலைத் தூக்கிறது எனக்குப் பயமாக் கிடக்கு," என்பாள்.

நானும் அவளும் ஒரே சப்வேயில், பிறகு ஒரே பஸ்ஸில் ஸ்காபரோவுக்குத் திரும்புவோம். அப்படித்தான் சிநேகம். ஒரு அண்ணன் தங்கைச் சிநேகம், அதற்கு மேலே ஒன்றும் கற்பனை செய்யாதீர்கள்.

பிறகு அந்த மாரி வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது. அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்களை இங்கே இருந்த எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கவும் முடியாது. வன்னியில் சனம் ஒரு துண்டு நிலத்திலிருந்து அதைவிடச் சிறிய துண்டு நிலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் வேலைக்குப் போனோம், பாண் பொதி செய்தோம், பிறகு யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகர மத்தியில் பனிக்குள் வரிசையாக நின்றோம். ஜெனிற்றா ஒத்திகை முடிந்து, நுனிக்காலில் ஆடுகிற பொயின்ற் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அங்கே போவாள். றீற்றா அன்ரி ஏற்கெனவே தங்கச்சியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பா. அந்தத் தங்கச்சி, ஜெனிற்றாவின் சின்னம்மா, வன்னிக்குள்ளே அகப்பட்டிருந்தா. கலியாணம் கட்டாத ஆசிரியை.

ஹன்னா இதை ஒருநாள் ட்ராம் யன்னலால் கண்டிருக்கிறார். அடுத்தநாள் வகுப்புக்கு முன் என் பக்கத்தில் வந்து, "எனக்குச் சொல்லு," என்றார்.

இங்கேதான் நான் என்னைப்பற்றிக் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இந்த ஊரில் தமிழர் அல்லாத ஒருவர் "எங்கேயிருந்து வந்தாய்" என்பதற்கு மேலே என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இவர் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய கண் கலங்கியது. பனிக்குள் நிற்பதைவிட இது பிரயோசனம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தீவிலிருந்து இருட்டோடு வள்ளத்தில் ஏறியது, கோயில் மண்டபத்தில் படுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் இருந்தவை இரண்டு கிழமையில் தீர்ந்துபோயின. ஹன்னா கேட்பதை நிறுத்தவில்லை. அவர் அப்போது ஒரு புது பாலே தொடங்கியிருந்தார். எங்கள் யுத்தத்தைப் பற்றியது. கடற்கரையில் ஒரு சனக்கூட்டம், படையாட்கள், ஒரு பெண். நான் அதற்கு உதவுகிறேன் என்ற பெருமை எனக்கு. என் கதைகள் முடிந்ததும் மற்றவர்களுடைய கதைகளை எடுக்கத் தொடங்கினேன்.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம் பஸ்ஸில் ஜெனிற்றா ஒன்று சொன்னாள். சின்னம்மா யாரோ ஒருவரின் ரெலிபோனிலிருந்து இரண்டு நிமிடம் கதைத்தாவாம். ஓடும்போது ஒரு செருப்பு சேற்றுக்குள் புதைந்துபோச்சாம். இரண்டு நாளாக ஒற்றைச் செருப்போடு நடக்கிறாவாம்.

"மற்றதை எறிய மனம் வரேல்லையாம் அண்ணை. அதின்ர சோடி எங்கையாவது கிடைக்கும் எண்டு நினைக்கிறாவாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவ. அம்மா போனை வச்சிட்டு, எங்கட வாசல்ல கிடக்கிற சப்பாத்துகளைப் பாத்துக்கொண்டு அப்படியே இருந்திட்டா." பிறகு, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஆக்கள் கதைக்கிறது அம்மாவுக்குப் பிடிக்காது," என்றாள்.

அதற்குப் பிறகு சின்னம்மாவிடமிருந்து அழைப்பு வரவில்லை.

நான் மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள் ஹன்னாவிடம் சொல்லிவிட்டேன்.

வைகாசி நடுப்பகுதியில் எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜெனிற்றா பத்து நாள் ஒத்திகைக்கு வரவில்லை. நான் இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டும். பியானோவுக்கு முன்னால் இருந்தால் இசைத்தாளைப் பார்க்கலாம். அந்தப் பத்து நாளுக்குள் ஹன்னா பாலேயின் கடைசிக் காட்சியை அமைத்து முடித்தார்.

ஜெனிற்றா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். முகம் ஒடுங்கியிருந்தது. சுவரோரம் தரையில் இருந்து பொயின்ற் சப்பாத்துக்கு நாடா தைக்கத் தொடங்கினாள். அவள் இல்லாத நாட்களில் செய்ததைப் பார்க்கட்டும் என்று ஹன்னா கடைசிக் காட்சியை ஓடவிட்டார். நான் வாசித்தேன்.

க்ளேர் என்று மொன்றியலிலிருந்து வந்த உயரமான பெண்ணுக்குத்தான் அந்தத் தனி ஆட்டம். ஒரு காலில் பொயின்ற் சப்பாத்து, மற்றக் கால் வெறுங்கால். பொயின்ற் சப்பாத்தின் நுனி கட்டியானது. தரையில் பட்டால் டொக் என்று கேட்கும். வெறுங்காலில் சத்தம் இல்லை. டொக், பிறகு ஒன்றுமில்லை, டொக், பிறகு ஒன்றுமில்லை. மேடை முழுவதும் அப்படி நடந்து வந்து, கடைசி எட்டு அடித் தாளத்தில் அவள் விழுவாள். மற்றவர்கள் ஒரு நீலத் துணியால் அவளை மூடுவார்கள். பார்ப்பவர் மனதை உலுக்குகிற காட்சிதான், பொய் சொல்லக் கூடாது. நான் தலையை நிமிர்த்தாமல் வாசித்து முடித்தேன்.

ஜெனிற்றா எழும்பினாள். ஊசி சப்பாத்திலேயே தொங்கியது. ஹன்னாவிடம் போகவில்லை, நேரே பியானோவடிக்கு வந்தாள்.

"அண்ணை, நீங்களே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"சின்னம்மா செத்துப்போனா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, ஜெனிற்றா."

"எங்களுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

சத்தமே போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஹன்னா என்ன விசயம் என்று கேட்டார். ஜெனிற்றா திரும்பி, எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் சொன்னாள். இது என்னுடைய சின்னம்மா. அவ இருக்கிறாவா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கோயிலில் கேட்டார்கள், அம்மா பெயர் கொடுக்கவில்லை. அம்மா செய்ய மறுத்ததை நீங்கள் எட்டு அடித் தாளத்தில் செய்துவிட்டீர்கள்.

ஹன்னா எல்லோரையும் அரை மணித்தியாலம் வெளியே போகச் சொன்னார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். வேலை போச்சு என்று நினைத்தேன். போவதுதான் நியாயம் என்றும் நினைத்தேன்.

"இது அவளுடைய கதை, சொல்ல உனக்கு உரிமை இல்லை என்பது தெரியுமா?"

"தெரியும்."

அதைப்பற்றி அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அன்றுதான் முதன்முதலாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தான் ஒல்லாந்தில் யுத்தம் முடிந்த அதே மாதத்தில் பிறந்தவர் என்றார். வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. தாய் ஒருநாளும் உணவுத் துண்டு ஒன்றை எறிந்ததில்லை, ஏன் என்றும் சொன்னதில்லை. "அம்மா சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு வாழ்நாள் முழுக்கக் கோபம். சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். என் அம்மாவின் கதை கிடைக்கவில்லை, அதனால் உங்கள் கதையை எடுத்தேன்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த நீலத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் திரும்பி வந்ததும், "எடுத்துவிடுவோம்," என்றார்.

"நீங்கள் பாலேயை நிப்பாட்டத் தேவையில்லை," என்று ஜெனிற்றா சொன்னாள்.

"நிறுத்தவில்லை. கதையைத்தான் எடுத்துவிடப்போகிறேன்."

க்ளேர் அழுதாள். பாவம், அவள் வாழ்க்கையில் கிடைத்த முதல் பெரிய தனி ஆட்டம் அது. பிறகு, ஒருவரும் கேட்காமலே, மற்றச் சப்பாத்தையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளையையும் நான் மறக்கவில்லை.

அடுத்த மூன்று கிழமை நான் கண்டதைப் போல ஒரு வேலையை அதற்குப் பிறகு கண்டதில்லை. எழுதியவர் தன் எழுத்தை வெட்டுவது கடினம் என்பார்கள். ஹன்னா மாதக் கணக்கில் செய்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் நீலத் துணி போனது. பிறகு விழுதல். பிறகு படையாட்கள். பிறகு கிழிந்த சட்டைகள். சட்டைகள் போனதும் எல்லோருக்கும் பயிற்சிக்குப் போடுகிற சாதாரண உடுப்பு, சாம்பலும் வெள்ளையும். ஒவ்வொன்றும் போகப் போக, அது இருந்த இடத்தில் இசை மட்டும் வெறுமையாக நின்றது. அந்த இடத்தை நிரப்ப ஹன்னாவிடம் மிஞ்சியிருந்தது பாலேயின் பழைய அடவுகள் மட்டும்தான்: நுனிக்காலில் எழும்புதல், திரும்புதல், ஒரு காலில் நின்று மற்றதை மெல்ல நீட்டுதல், கையை வட்டமாக எடுத்தல். ராஜகுமாரனும் அரண்மனையும் அன்னப்பறவையும் இல்லாமல், அரண்மனைகளுக்காக உண்டாக்கிய அடவுகள்.

நான் புதிதாக ஏதோ கண்டுபிடிப்பு நடக்கிறது என்று நினைத்தேன். ஹன்னா சிரித்தார். இது ஒரு பெரிய வழி, தான் நடந்து பார்க்காத வழி என்றார். தன் பதினேழு வயதில் லண்டனில் படித்தபோது அப்படி ஒரு பாலே பார்த்தாராம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அங்கே ஒருவர் செய்தது. ஆறே ஆறு பேர், வெளிச்சமான மேடை, வெள்ளை உடுப்பு, ஒரு பியானோவும் வாத்தியக் குழுவும். கதை இல்லை. குண்டு விழுந்த நகரத்துச் சனம், இன்னமும் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற சனம், வந்து பேசாமல் பார்த்துவிட்டுப் போனதாம். "பதினேழு வயதில் எனக்குக் கோபம் வந்தது. நடந்ததைச் சொல்லத் தைரியம் இல்லாத ஆட்கள் என்று நினைத்தேன்," என்றார். பிறகு, "சொல்லாமல் விடுவதற்கும் தைரியம் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை," என்றார்.

ஜெனிற்றா அந்த மூன்று கிழமையும் என்னோடு கதைக்கவில்லை. சப்வேயில் வேறு பெட்டியில் ஏறினாள். ஆனால் ஹன்னாவோடு கதைத்தாள், முன்பைவிடக் கூடுதலாக. ஒருநாள் ஹன்னா ஒரு பகுதியை அமைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஆடி முடித்து ஓரத்தால் வெளியே போக வேண்டும், அடுத்த மூன்று பேர் உள்ளே வர வேண்டும். எந்த நடனத்திலும் அப்படித்தானே. ஜெனிற்றா கையை உயர்த்தினாள். ஒருவரும் வெளியே போகாமல் செய்ய முடியாதா என்று கேட்டாள்.

"அப்போது ஆடாதவர்கள் என்ன செய்வது?"

"நிற்கட்டும்."

 ஹன்னா பென்சிலை எடுத்துத் தன் கொப்பியில் எதையோ வெட்டினார். அதற்குப் பிறகு அந்த பாலேயின் சட்டம் அதுதான். திரை எழும்பும்போது ஆறு பேர் நிற்பார்கள். திரை விழும்போதும் ஆறு பேர் நிற்பார்கள். இருபது நிமிடத்தில் ஒருவரும் மேடையை விட்டுப் போவதில்லை. சிலர் ஆடும்போது சிலர் அசையாமல் முன்னால் பார்த்து நிற்பார்கள். ஆடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம் என்று குழுவில் இருந்த ஆண்பிள்ளைகள் இருவரும் முறைப்பட்டார்கள். கால் விறைத்துவிடும், ஆனால் அசையக் கூடாது.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் நான் சப்வேயில் இருந்தேன். ஜெனிற்றா அதே பெட்டியில் ஏறினாள். ஒரு ஆசனம் விட்டு இருந்தாள். நாலு நிலையம் தாண்டியது.

"அண்ணை, ரெண்டாம் பகுதியில நீங்கள் ஓடுறீங்கள். கொஞ்சம் மெதுவா வாசியுங்கோ."

"சரி."

மன்னிப்புக் கேட்க நான் கிழமைக் கணக்கில் வசனங்கள் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அடுத்தநாள் மெதுவாக வாசித்தேன்.

ஐப்பசியில், ஏரிக்கரைப் பக்கத்து ஒரு சிறிய அரங்கில் நாலு நாள் அது ஆடப்பட்டது. இரண்டாம் நாள் றீற்றா அன்ரி பங்கு ஆட்கள் எட்டுப் பேரோடு ஒரு வான் பிடித்து வந்து இறங்கினா. எல்லோரும் பட்டுச் சேலை, மேலே குளிர்கோட்டு. மகள் ஆடுகிறாள் என்பதற்காக வந்தவர்கள் பாதி. எங்கள் பிரச்சினையைப் பற்றின ஆட்டம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்தவர்கள் பாதி. மேடையோரப் பியானோவிலிருந்து அவர்களைக் கண்டபோது இசைத்தாள்களை மறுபடி ஒழுங்காக அடுக்கினேன்.

முடிந்த பிறகு வெளி மண்டபத்தில் ஒரு அங்கிள் என்னைப் பிடித்தார். கோபமாக இருந்தார்.

"தம்பி, இதில கதை என்ன?"

"கதை இல்லை அங்கிள்."

"அவ்வளவு சனம் செத்துக் கிடக்கு. இதுகள் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு நிக்குதுகள். உலகத்துக்குச் சொல்ல ஒரு மேடை கிடைச்சுது, அதையும் விட்டிட்டியள்."

 அவருக்குச் சொல்ல இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அவருடைய அண்ணன் குடும்பத்தில் மூன்று பேரை அவர் இழந்திருந்தார். சொல்ல வேண்டியவர்கள் சொல்லத்தான் வேண்டும். பிறகு வந்தவர்கள் சொல்லியும் இருக்கிறார்கள், பேனாவாலும் கமராவாலும். அவரவர் தங்கள் கதையை.

றீற்றா அன்ரி கொஞ்சம் தள்ளி, கோட்டுப் பொத்தானைப் பூட்டாமல் நின்றா. ஹன்னா அவவிடம் வந்து கையைப் பிடித்தார். அன்ரிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னா.

"தம்பி, இவவுக்குச் சொல்லு. எனக்கு உந்த ஆட்டம் ஒண்டும் விளங்காது. நான் உதுகளை எண்ணிக்கொண்டிருந்தனான். திருப்பித் திருப்பி எண்ணினன். கடைசி மட்டும் ஆறு பேரும் நிண்டவை. ஒருத்தரும் குறையேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை சொல்லச் சொன்னதை மட்டும் சொன்னேன்.  ஹன்னா அன்ரியின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்.

ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. தெளிவானது, அளவானது, கொஞ்சம் குளிர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். எங்கிருந்து அது பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நிகழ்ச்சித் தாளில் ஹன்னா ஒன்றும் எழுதவிடவில்லை. ஆறு பேருக்கும் ஒரு பியானோவுக்குமான ஆட்டம் என்று மட்டும் இருந்தது. ஒரு பெண் தன் குடும்பத்து வேதனையைத் தரமாட்டேன் என்று மறுத்ததும், அதைக் கேட்ட ஒருவர் தான் கட்டியதைத் தானே பிரித்ததும்தான் அந்த பாலே. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அரங்குகளில் எத்தனையோ நடனங்கள் பார்த்துவிட்டேன், இந்த இரண்டு பேர் செய்ததைப் போல ஒன்றை நான் காணவில்லை.

சின்னம்மாவைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. முகாம்களில் தேடினார்கள், பட்டியல்களில் தேடினார்கள், றீற்றா அன்ரி இரண்டு தரம் நேரே போய் வந்தா. கார்த்திகை மாதத்தில் மரித்தோர் பூசைக்குப் பெயர் எழுதும் தாள் ஒவ்வொரு வருடமும் கை மாறி வரும். அன்ரி அதை வாங்கி, அடுத்த ஆளிடம் கொடுப்பா. இப்போது அவவுக்கு எழுபத்தாறு வயது. போன வருடமும் அப்படித்தான் கொடுத்தா. நான் ஓர்கனடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர்ட் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் ஒன்று, முப்பது மாடி இருக்கும். குழு அடுத்த இரண்டு வருடத்தில் கலைந்துவிட்டது. ஹன்னா இறந்து ஐந்து வருடம். வீட்டைக் காலி செய்ய ஒல்லாந்திலிருந்து யாரோ மருமகன் வந்தாராம். பென்சிலால் குறித்த அந்தக் கொப்பியை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. வீடியோவும் இல்லை. எடுக்க வந்த ஆளை ஹன்னா திருப்பி அனுப்பிவிட்டார், இன்னொரு முறை நன்றாக எடுக்கலாம் என்று. இன்னொரு முறை வரவில்லை.

இசை எனக்குப் பாடம், இன்றைக்கும் வாசிப்பேன். ஆனால் ஆட்டத்தை நான் ஒருநாளும் முழுதாகக் கண்டதில்லை. பியானோவின் தூக்கிய மூடி மேடையின் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதி ஆடப்படும்போது நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கல்கரியில் இருக்கும் ஜெனிற்றாவைப் போனில் அழைத்தேன். அவள் அங்கே பிசியோதெரபி செய்கிறாள், இரண்டு பிள்ளைகள். வீடியோவில் அவளை ஆடிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சிரித்துவிட்டு, போனைக் குசினி மேசையில் சாத்தி வைத்துவிட்டு, காலுறையோடு நடுவில் போய் நின்றாள். நான் இங்கிருந்து வாசித்தேன். முதலாம் பகுதி முழுதும் வந்தது. கை போன இடமெல்லாம் சரியாகப் போனது. இரண்டாம் பகுதி தொடங்கியதும் அசையாமல் நின்றாள். நான் வாசித்துக்கொண்டே போனேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். போன் தடைப்பட்டுவிட்டதோ என்று நினைத்து நிறுத்தினேன்.

"மறந்துபோச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. இதில நான் நிக்கிறனான். மற்ற ஆக்கள்தான் ஆடினவை."

"என்ன ஆடினவை?"

"தெரியாது. முன்னுக்குப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லித்தானே ஹன்னா சொன்னவ. நான் திரும்பிப் பாக்கேல்லை."